அம்மா கிள்ளானுக்குப் போயிருந்த வருடம்

தம்பி,

சனிக்கிழமை மத்தியானம் நீ பேசிவிட்டுப் போனை வைத்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பாப்பாவின் விஷயமாகத்தான் கூப்பிட்டிருந்தாய். எஸ்.பி.எம். பரீட்சை முடிவு வந்து, மருத்துவத்துக்கு முந்தைய அடிப்படை ஆண்டுப் படிப்புக்கு அவளுக்கு இடமும் கிடைத்துவிட்டது. ஏற்கிறாளா மறுக்கிறாளா என்று வருகிற வெள்ளிக்கிழமைக்குள் அகப்பக்கத்தில் பதில் சொல்லியாக வேண்டும். அவளோ ஒரு வருடம் வீட்டிலிருந்து, பூச்சோங்கில் ஒரு கிளினிக்கில் வேலை பார்த்துவிட்டு அப்புறம் யோசிக்கிறேன் என்கிறாள். அண்ணனைக் கேள் என்று அவளை உன்னிடம் அனுப்பியது நான்தான். நீ அவளுக்குப் பதில் சொல்லாமல் நேரே என்னைக் கூப்பிட்டாய். கோபமாகப் பேசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நிதானமாக, ஆஸ்பத்திரியில் நோயாளியின் வீட்டாரிடம் பேசுகிற குரலில் சொன்னாய்: “அம்மா என்னைத் தள்ளிவிட்டாங்க. நீங்க பாப்பாவையும் தள்ளிவிட்றாதீங்கப்பா.”

அந்த இடத்திலேயே நான் சொல்லியிருக்க வேண்டும். சரி தம்பி, சரி தம்பி என்று இரண்டு தடவை சொன்னேன். வார்டில் கூப்பிடுகிறார்கள் என்று நீ வைத்துவிட்டாய். அப்பாடா என்று இருந்தது எனக்கு. அறுபத்திரண்டு வயதில் இந்த லட்சணம். பேச வராததை எழுதிப் பார்க்கிறேன். எழுதுவது ஒன்றுதானே எனக்குத் தெரிந்த வேலை.

நம் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் யாருக்குப் பிள்ளை பிறந்தாலும், யார் போய்ச் சேர்ந்தாலும், படிவத்தைத் தூக்கிக்கொண்டு நம் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். முப்பது வருடம் அரசாங்க அலுவலகத்தில் கிராணியாக இருந்தவன் என்பதால் எனக்கு அதில் ஒரு தலைக்கனம் உண்டு, உனக்குத் தெரியாததா? இங்கே கையெழுத்து, இங்கே தேதி, கட்டத்துக்கு வெளியே எழுதாதே என்று ஊரையே அதட்டியிருக்கிறேன். அதனால் உன் பள்ளிக்கூடப் படிவம் தொடங்கிப் பல்கலைக்கழக விண்ணப்பம் வரைக்கும் எல்லாம் என் கையில்தான் இருந்தன. உன் அடையாள அட்டை ஐசி நம்பரும் கடவுச்சொல்லும் என் சட்டைப்பை நோட்டுப் புத்தகத்தில் இருந்தன. கடவுச்சொல் அம்மாவின் பெயரும் நீ பிறந்த வருடமும். அதை வைத்தவனும் நான்தான்.

எட்டு வருடத்துக்கு முன்னால் உனக்கும் இதே மாதிரி ஒரு கடிதம் வந்தது. வடக்கே, பஸ்ஸில் ஏழு மணி நேரத் தொலைவில், ஒரு வருட அடிப்படைப் படிப்பு. அதை ஒழுங்காக முடித்தால் மருத்துவம். நான் இனிப்பு வாங்கக் கிளம்பிவிட்டேன். நீ சட்டையைப் பிடிக்காத குறையாக என்னை நிறுத்தி, ஒரு வருடம் கழித்துப் போகிறேன் என்றாய். களைத்துப் போயிருக்கிறேன் என்றாய். கிள்ளானில் ஒரு முதியோர் இல்லத்தில் உதவியாளாக வரச் சொல்லியிருக்கிறார்கள், பெரியம்மா வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான் என்று எல்லாம் விசாரித்து வைத்திருந்தாய். “நோயாளிங்கள ஒரு தடவ கிட்டப் பாக்கணும்பா. அதுக்கப்புறந்தான் எனக்கு இந்த வேல ஒத்துவருமா வராதான்னு தெரியும்.” பதினெட்டு வயதுப் பிள்ளை பேசுகிற பேச்சா அது? எனக்கு எரிச்சல்தான் வந்தது. இப்போது நினைத்தால் அந்த வயதில் நீ என்னைவிடப் பெரிய மனிதனாக இருந்திருக்கிறாய்.

எனக்கு ‘ஒரு வருடம்’ என்ற சொல்லே ஆகாது. பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்த கையோடு தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் சேர்ந்தேன். ஒரே ஒரு வருடம், அப்புறம் ஆறாம் படிவம் என்று வாத்தியாரிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன். ஒன்று இரண்டாயிற்று. சைக்கிள் போய் மோட்டார் சைக்கிள் வந்தது. என்னோடு படித்தவன் ஒருவன் டை கட்டிக்கொண்டு அதே தொழிற்சாலைக்கு இன்ஜினியராக வந்து சேர்ந்த அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. ஆறு வருடம் போயிருந்தது. பிறகு எப்படியோ முட்டிமோதி அரசாங்கக் கிராணி ஆனேன். இதை உன்னிடம் நூறு தடவை சொல்லியிருப்பேன். சொல்லாத ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் இவ்வளவு சுற்றி வருகிறேன்.

இந்தக் கடிதத்தோடு ஒரு காகிதம் வைத்திருக்கிறேன். அம்மாவின் முதல் ஸ்கேன் அறிக்கை. இரண்டு வருடத்துக்கு முன் நீ ஆஸ்பத்திரியில் ஹவுஸ்மேன்ஷிப் பயிற்சி தொடங்கிய புதிதில் இதைக் கேட்டாய். வீடு வெள்ளையடித்தபோது தொலைந்துவிட்டது என்றேன். என் கையில் ஒரு காகிதம் தொலையுமா தம்பி? நீயும் அதை நம்பியிருக்க மாட்டாய். அம்மாவுக்கு எப்போது கண்டுபிடித்தார்கள் என்று கேட்டபோதெல்லாம், நீ இரண்டாம் பருவத்தில் இருந்தபோது, மிகவும் தாமதமாக, என்று சொன்னேன். அறிக்கையில் உள்ள தேதியைப் பார். உன் இடத்தை ஏற்றுக்கொள்ள வேண்டிய கடைசி நாளுக்குப் பதினொரு நாள் முந்தியது. நீ வீட்டில்தான் இருந்தாய். அம்மா கேஸ்ட்ரிக் என்று சொல்லிக்கொண்டு வெறும் கஞ்சி குடித்ததும், நீ பார்மசிக்கு ஓடிப்போய் மாத்திரை வாங்கி வந்ததும் அந்தப் பதினொரு நாளில்தான். வயிற்றுப் புற்று ஈரலுக்குப் பரவிவிட்டது, ஒரு வருடம் இருக்கலாம் என்று டாக்டர் எங்கள் இருவரையும் உட்கார வைத்துச் சொல்லியிருந்தார்.

ரயிலில் வீட்டுக்கு வந்ததும் அம்மா சேலை மாற்றிக்கொண்டு, நீ தூங்குகிறாயா என்று அறையை எட்டிப் பார்த்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். “அவன் கேக்கறது ஒரு வருஷம். எனக்கு இருக்கறதும் அதுதான். அவன்கிட்ட சொல்லிருவோங்க. வீட்ல இருக்கட்டும்.” உண்மை தெரிந்தால் அவன் போகவே மாட்டான் என்றேன். போக வேண்டாமே, எங்கே ஓடிவிடப் போகிறது படிப்பு என்றாள். அடுத்த வருடம் இதே இடம் கிடைக்குமென்று யார் உத்தரவாதம் தருவார்கள், அவனும் என்னை மாதிரி ஆகிவிட்டால் என்ன செய்வாய் என்று நான் குரலை உயர்த்தினேன். அம்மாவின் முகத்தில் அப்போதே களைப்பு. என்னோடு வாதாடுகிற தெம்பு அவளுக்கு இல்லை என்பது எனக்குத் தெரிந்தது. தெரிந்தே பேசினேன்.

கடைசி நாளுக்கு முந்தின நாள் மத்தியானம், அலுவலகத்தில் எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். நான் என் மேசைக் கணினியில் உன் ஐசி நம்பரைத் தட்டி உள்ளே போனேன். ஏற்றுக்கொள்ள ‘தெரிமா’ என்று ஒரு பொத்தான், மறுக்க ‘தோலாக்’ என்று ஒரு பொத்தான். நான் தெரிமாவை அழுத்தினேன். அடுத்தவர் கையெழுத்தைப் போடாதே, ஜெயிலுக்குப் போவாய் என்று எத்தனை பேரை விரட்டியிருப்பேன். உன் கையெழுத்தை நான் போட்டேன். அம்மாவின் அந்த ஒரு வருடத்துக்கும் சேர்த்துத்தான் போட்டேன்.

அன்று சாயங்காலம் நீ மறுப்பதற்காகத் திறந்து பார்த்திருக்கிறாய். அகப்பக்கம் உன்னிடம் எதையும் கேட்கவில்லை, நன்றி என்று மட்டும் போட்டிருந்தது. நீ சத்தம் போட ஆரம்பித்ததும், அம்மா தூங்குகிறாள், கீழே வா என்று கடைக்கு அழைத்துப் போனேன். தே தாரேக் சொன்னேன். நீ குடிக்கவில்லை. நாளைக்கே கடிதம் எழுதி ரத்து செய்கிறேன், உங்கள் மேல் புகார் எழுதுகிறேன் என்றெல்லாம் சொன்னாய். எனக்குப் பயம் வந்துவிட்டது. நான் சொன்னால் கேட்க மாட்டாய், அம்மா சொன்னால் தட்டமாட்டாய் என்பது எனக்குத் தெரியும். அதனால் சொன்னேன்: “அம்மாதான் அழுத்தச் சொன்னாங்க. நீ வீட்ல இருந்தா அவங்களுக்கு நிம்மதி இல்லையாம். நீ போகணுமாம்.” நீ “அம்மாவா?” என்று ஒரு தடவை கேட்டாய். அவ்வளவுதான். எழுந்து போய்விட்டாய். அம்மாவிடம் போய் நேரில் கேட்பாய் என்று எதிர்பார்த்தேன். நீ கேட்கவே இல்லை. பெட்டி கட்டத் தொடங்கிவிட்டாய். உன்னைப் பெற்றவனுக்கு உன் ரோஷம் தெரியாதா? தெரிந்துதான் அந்த இடத்தில் கை வைத்தேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அடுப்படியில் பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பாப்பா கீழே உட்கார்ந்து ஏதோ படத்துக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தாள், பத்து வயது அவளுக்கு. அம்மா கத்தியைப் பலகைமேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “என் பேருல போட்டுட்டீங்களா?” நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவளே சொன்னாள்: “சரி, என் பேருலயே இருக்கட்டும். உங்க மேல கோவம்னா அவன் படிக்க மாட்டான். எம்மேல கோவம்னா ரெண்டு நாள்ல போயிரும்.” மறுபடி கத்தியை எடுத்துக்கொண்டாள். உன்னை அளந்து வைத்திருந்த அவளுக்கே அது தப்பிப்போய்விட்டது. எட்டு வருடமாக உனக்கு அது போகவில்லை.

அப்புறம் நடந்ததில் உனக்குத் தெரிந்தது பாதி. நீ போன் செய்யும்போதெல்லாம் அம்மா கிள்ளானில் இருந்தாள், இல்லையா? பெரியம்மா வீட்டில் விசேஷம், பெரியம்மாவுக்கு முட்டிவலி, கோயில் திருவிழா என்று எத்தனை காரணம் சொன்னோம். பெரியம்மாவிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். அம்மா கிள்ளானுக்குப் போனது மூன்றோ நான்கோ தடவைதான். மற்ற நாளெல்லாம் வார்டில் ஊசி ஏற்றிக்கொண்டிருந்தாள், அல்லது வீட்டில் வாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுத்திருந்தாள். பாப்பாவையும் பழக்கினேன். அண்ணன் கேட்டால் அம்மா கிள்ளானுக்குப் போயிருக்கிறார்கள் என்று சொல்ல வேண்டும், அழக் கூடாது, என்று சொல்லிக் கொடுத்தேன். அம்மாவின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே, ஒரு கையில் போனை வைத்துக்கொண்டு, அந்தப் பிள்ளை உன்னிடம் அதைச் சொல்லும். “எப்பப் பாத்தாலும் கிள்ளான்தானா, என்னை அனுப்பிட்டு நல்லா ஊர் சுத்துறாங்க லா” என்று நீ ஒரு தடவை சொன்னாய். பாப்பா அதை அப்படியே அம்மாவிடம் சொல்லிவிட்டாள். அம்மா சிரித்தாள். சிரித்தாள் என்றுதான் எனக்கு ஞாபகம்.

தீபாவளிக்கு நீ வந்தபோது அம்மா மொட்டையடித்திருந்தாளே, அதுவும் இதில் சேர்த்திதான். மருந்தில் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. நீ வருவதற்கு நான்கு நாளுக்கு முன் அவளைப் பத்துமலைக்கு அழைத்துப் போய் மொட்டை போட்டுச் சந்தனம் பூசிக் கூட்டிவந்தேன். நீ டாக்டராக வேண்டும் என்று வேண்டுதல் என்று உன்னிடம் சொல்ல ஏற்பாடு. முருகன் பெயரைச் சொன்னால் நம் ஜனத்தில் யார் மறுகேள்வி கேட்பார்கள்? நீ வாசலிலேயே நின்று அவள் தலையைப் பார்த்தாய். “நான் கேட்டேனா? என் படிப்புக்கு உங்களை யாரு வேண்டிக்கச் சொன்னது?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாய். மூன்று நாளும் அவள் செய்துவைத்த முறுக்கை நீ தொடவில்லை. நீ வரப்போகிறாய் என்று அதை நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து பிழிந்தாள். இதை எழுதி உன்னைக் குத்த வேண்டும் என்று எனக்கு எண்ணமில்லை. அந்தக் கோபம் முழுக்க எனக்கு வந்து சேர வேண்டியது, அவள் வாங்கிக்கொண்டாள் என்பதற்காகச் சொல்கிறேன்.

கடைசியாக நீங்கள் இருவரும் பேசியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பரீட்சைக்கு மூன்று வாரம் இருந்தது. போனைப் பிடிக்க அவளுக்குக் கை வராததால் ஸ்பீக்கரில் போட்டு நான் பிடித்துக்கொண்டிருந்தேன். நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று நீ நினைத்திருக்க மாட்டாய். ஏதேதோ பேசிவிட்டு நீ கேட்டாய்: “உண்மையச் சொல்லுங்கம்மா. நீங்கதான என்னைப் போகச் சொன்னீங்க?” அம்மா என் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் திட்டு இல்லை. சொல்லட்டுமா என்று என்னைக் கேட்டாள், தம்பி. சாகப்போகிறவள் என்னிடம் அனுமதி கேட்டாள். நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். “ஆமாய்யா, நாந்தான். படிச்சிரு,” என்றாள். நீ வைத்துவிட்டாய். அதற்கு எட்டாம் நாள் உன்னை வரச் சொன்னோம். நீ வந்து சேர்ந்தபோது அவளுக்கு நினைவில்லை.

நீ பரீட்சை எழுதினாய், மருத்துவம் கிடைத்தது, டாக்டர் ஆகிவிட்டாய். பார்த்தாயா, நான் செய்தது சரிதான் என்று எனக்கு நானே பல வருடம் சொல்லிக்கொண்டேன். ஊரும் அப்படித்தான் சொல்கிறது. மனைவியைப் பறிகொடுத்தும் பையனைக் கரைசேர்த்துவிட்டார் என்று கோயிலில் எனக்கு மரியாதை செய்தார்கள். மாலையைப் போட்டுக்கொண்டு நின்றேன். போன வருடம் நீ வந்திருந்தபோது சாப்பிட்டுக்கொண்டே சொன்னாய்: நோயாளிக்கு என்ன நோய் என்று அவர்களுடைய பிள்ளைகளிடமே மறைக்கச் சொல்கிறார்கள், நம் ஆட்கள்தான் இதில் மோசம், அந்தப் பிள்ளைக்கு அம்மாவோடு இருக்கிற நாளை எடுத்துக்கொள்ள இவர்கள் யார் என்று. நான் ரசத்தை ஊற்றிக்கொண்டு தலையை நிமிர்த்தவே இல்லை. நோயாளியைக் கிட்டத்தில் பார்க்க ஒரு வருடம் கேட்டவன் நீ. நோயாளி உன் வீட்டில் இருந்தாள். உன்னை ஏழு மணி நேரத் தொலைவுக்கு அனுப்பிவைத்தேன்.

பாப்பா விஷயத்துக்கு வருகிறேன். சனிக்கிழமை போனில் நீ சொன்னதை அவளும் கேட்டுவிட்டாள், பக்கத்தில்தான் நின்றிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை என் முன்னால் வந்து உட்கார்ந்து, “அம்மா பேர்ல போட்டது நீங்கதானப்பா. நான் அங்கதான இருந்தேன்,” என்றாள். எட்டு வருடமாக அதை வைத்துக்கொண்டு என் கையால் சாப்பிட்டிருக்கிறது அந்தப் பெண். அண்ணனுக்கு உண்மை போய்ச் சேருகிறவரை தெரிமாவும் கிடையாது, தோலாக்கும் கிடையாது, வெள்ளிக்கிழமை போனால் போகட்டும், இடம் பாழானால் ஆகட்டும் என்று சொல்லிவிட்டாள். மிரட்டலா என்று கேட்டேன். “உங்ககிட்ட கத்துக்கிட்டதுதான்,” என்றாள். உன் தங்கைக்கு வாய் கொழுப்பு.

நேராகப் போய்ப் படிப்பதா, ஒரு வருடம் நிற்பதா என்று மற்ற பிள்ளைகளின் அப்பாக்கள் கேட்டால் நான் நன்றாகவே சொல்லுவேன். படித்த சூடு ஆறுவதற்குள் போய்விடுவது சிலருக்கு நல்லது, களைத்த பிள்ளை நின்று மூச்சுவிட்டுப் போவது சிலருக்கு நல்லது, கிடைத்த இடம் அடுத்த வருடம் கிடைக்குமா என்று விசாரித்துக்கொள் என்று சொல்லுவேன். பாப்பாவிடமும் அவ்வளவுதான் சொன்னேன். என்னுடைய தொழிற்சாலைக் கதையை இந்தத் தடவை எடுக்கவில்லை. வீட்டில் இருப்பதையெல்லாம் மறைத்து வைத்துவிட்டு உன் இஷ்டம் என்று சொல்வது ஏமாற்று வேலை என்பதால், எனக்குச் சர்க்கரை ஏறியிருப்பதையும் இடது கண் மங்குவதையும் அவளிடம் சொன்னேன். உனக்கும் சொல்லிவிட்டேன் இப்போது. கடவுச்சொல்லை அவளே மாற்றிவைத்துக்கொண்டாள். என்ன என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை.

இந்தக் காகிதங்களை நாளை அவளே கூரியரில் அனுப்புகிறாள். என்னை நம்பி விடமாட்டாளாம். எல்லாப் பக்கத்தையும் படித்துவிட்டு, போனில் படமெடுத்து உனக்கு முன்கூட்டியே அனுப்பவும் போகிறாள். ஆகையால் வெள்ளிக்கிழமைக்குள் நீ அவளைக் கூப்பிட்டுப் பேசு. என்னிடம் பேச வேண்டாம்.

மன்னிப்பு கேட்கிற இடத்தில் நான் இல்லை. கேட்க வேண்டியவளிடம் கேட்காமல் விட்டுவிட்டேன், உன்னிடம் கேட்டு என்ன ஆகப்போகிறது? ஒன்று மட்டும் செய். அம்மாமேல் வைத்திருப்பதை எடுத்துவிடு. அவள் உன்னைத் தள்ளிவிடவில்லை. உன்னை வைத்துக்கொள்ள ஆசைப்பட்டாள்.

அடுத்த மாதம் திதி வருகிறது. ஆறு வருடமாக டூட்டி, டூட்டி என்று நீ வந்ததில்லை. காரணம் எனக்குத் தெரியும் என்பதால் நானும் வற்புறுத்தியதில்லை. இந்த வருடம் நீ வந்து உன் கையால் அவளுக்குச் செய். பாப்பா எல்லாம் எடுத்துவைப்பாள். நான் வீட்டில் இருப்பது உனக்குக் கஷ்டம் என்றால் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடு, போதும். காலையிலேயே ரயிலேறி, நீ திரும்பிப் போகிறவரை பெரியம்மா வீட்டில் இருந்துகொள்கிறேன். நீ கேட்டால் அப்பா கிள்ளானுக்குப் போயிருக்கிறார் என்று பாப்பா சொல்லுவாள். இந்தத் தடவை அது உண்மையாக இருக்கும்.

அப்பா